சிவப்பு எரியும்போது திரும்பலாமா?

அமெரிக்காவில் சிவப்பு விளக்கு எரியும்போதும் வலது பக்கம் திரும்பிக்கொள்ளலாம். இந்த விதி நாடு முழுவதும் எப்படிப் பரவியது என்று சாலைப் பாதுகாப்புச் சட்டங்களில் தேடினால் விடை கிடைக்காது. பெட்ரோல் தட்டுப்பாட்டின் வரலாற்றில்தான் கிடைக்கும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பெட்ரோல் பங்க்குகளின் வாசலில் கார்கள் வரிசை கட்டின. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் வேக வரம்பை நாடெங்கும் மணிக்கு 55 மைலாகக் குறைத்தது. 1975 டிசம்பர் 22 அன்று ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட எரிசக்திச் சட்டம் அதைவிட விரிவானது. அவசரத் தேவைக்கான எண்ணெய்க் கையிருப்பும், கார் கம்பெனிகள் எட்டியே ஆகவேண்டிய மைலேஜ் அளவும் அந்தச் சட்டத்தில் பிறந்தவை. அதே சட்டத்தின் ஒரு மூலையில், சிக்கனத் திட்டங்களுக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால் மாநிலங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றுவிட்டு வலது பக்கம் திரும்ப வண்டிகளை அனுமதிப்பதும் அதில் ஒன்று. பாதுகாப்புக்குக் குந்தகம் வராத அளவில் என்று ஒரு நிபந்தனையும் கூடவே எழுதியிருந்தார்கள்.

கலிஃபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்களுக்கு இது புதிய விஷயமல்ல. அகன்ற சாலை, அதிகக் கார், குறைந்த நடமாட்டம் என்ற அந்த ஊர்களில் இது பல பத்தாண்டுப் பழக்கம். கிழக்குக் கரையின் பழைய நகரங்கள்தான் தயங்கி நின்றன. பணம் என்று வந்ததும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. கடைசியாக மாசசூசெட்ஸ் 1980 ஜனவரி 1 அன்று அனுமதித்தது. நியூயார்க் மாநிலம் ஒப்புக்கொண்டாலும் நியூயார்க் நகரம் ஒப்புக்கொள்ளவில்லை. பலகை வைத்து அனுமதித்த சந்திப்பு தவிர அங்கே இன்றும் சிவப்பு என்றால் நிற்க வேண்டியதுதான். 1977-இல் வந்த 'ஆனி ஹால்' படத்தில், சிவப்பில் வலது பக்கம் திரும்பலாம் என்பதுதான் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் ஒரே பண்பாட்டுப் பெருமை என்று வுடி ஆலனின் பாத்திரம் கிண்டலடிக்கும். இந்த நகைச்சுவை நியூயார்க்காரருக்குச் சட்டெனப் புரியும். கனடாவிலும் இதே கதைதான். கியூபெக் மாகாணம் 2003-இல்தான் அனுமதித்தது, அப்போதும் மாண்ட்ரியல் தீவை விட்டுவிட்டு.

ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் நெருக்கடியில் பிறந்த 55 மைல் வரம்பை அமெரிக்கர்கள் வெறுத்தார்கள். 1995-இல் அதைத் தூக்கியெறிந்தார்கள். அதே நெருக்கடி நாடெங்கும் பரப்பிய திருப்ப விதியோ அசையாமல் நின்றுவிட்டது. முன்னது வண்டி ஓட்டுபவரிடமிருந்து ஒன்றைப் பறித்தது, பின்னது அவருக்கு ஒன்றைக் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எந்த அரசுக்கும் எளிதல்ல.

விதியின் தர்க்கம் மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாதது. ஆளரவமற்ற சந்திப்பில், இரவு பதினோரு மணிக்கு, எதிரே யாரும் இல்லாதபோது ஒரு கார் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்? சாலையைக் குறுக்கே கடந்தாலாவது ஆபத்து. ஓரமாக ஒட்டித் திரும்புபவர் யாரை என்ன செய்துவிடப் போகிறார்? அமெரிக்கச் சட்டம் இதற்கு மூன்று நிபந்தனை போட்டது. முதலில் சக்கரம் அசையாமல் முழுதாக நிற்க வேண்டும். அடுத்து, நடந்து கடப்பவருக்கும் பச்சையில் வருகிற வண்டிக்கும் வழிவிட வேண்டும். அதன்பிறகு, இடம் இருந்தால் மட்டும் திரும்ப வேண்டும். இந்த மூன்றில் முதலாவதுதான் மற்ற இரண்டையும் தாங்குகிறது. நின்றவன்தான் பார்ப்பான், பார்த்தவன்தான் வழிவிடுவான். சந்திப்பில் அரை மணி நேரம் நின்று கவனித்தவர்கள் எவரும் சொல்வார்கள், முதலில் காற்றில் போவதும் அதுதான். வண்டி மெதுவாகும், உருளும், உருண்டபடியே திரும்பிவிடும்.

நிற்பவர்களிடமும் ஒரு சிக்கல் உண்டு. அது உடலமைப்பு சார்ந்தது. நம் ஊர்க் கணக்கில் இடதாக மாற்றிச் சொல்கிறேன். தெற்கிலிருந்து வந்து இடது பக்கம் மேற்கே திரும்பப் போகும் ஓட்டுநருக்குச் சிவப்பு என்றால், கிழக்கு மேற்குப் போக்குவரத்துக்குப் பச்சை என்று பொருள். கிழக்கிலிருந்து பாய்ந்து வருகிற வண்டிகளுக்கு நடுவே அவருக்கு ஓர் இடைவெளி வேண்டும். அவை வருவது அவருடைய வலது பக்கத்திலிருந்து. ஆகவே அவர் கழுத்து வலது பக்கம் திரும்பியே இருக்கிறது. அதே நொடியில் அவருடைய வண்டிக்கு நேர் முன்னால் இருக்கும் வரிக்குதிரைக் கோட்டில், நடப்பவருக்குப் பச்சை. இடது நடைபாதையிலிருந்து ஒரு பெண் இறங்கி நடக்கத் தொடங்குகிறார். சிக்னலை நம்பித்தான் இறங்குகிறார். ஓட்டுநருக்கு இடைவெளி கிடைக்கிறது. தலை வலது பக்கமே இருக்க, கால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது.

அமெரிக்காவில் திசை மட்டும் மாறும். அங்கே ஓட்டுநர் இடது பக்கம் பார்ப்பார், மோதலுக்கு ஆளாகிறவர் வலது பக்கத்திலிருந்து வருவார். 1982-இல் பிரூசரும் அவருடைய சக ஆய்வாளர்களும் காவல்துறை விபத்து அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தபோது திரும்பத் திரும்பக் கண்டது இந்தக் காட்சியைத்தான். நியூயார்க் மாநிலம், விஸ்கான்சின், ஒஹாயோ, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய இடங்களின் தரவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விதி மாறியபின், வலது பக்கம் திரும்பும் வண்டிகள் நடப்பவர்கள் மீது மோதிய விபத்துகள் இடத்துக்கு இடம் 43 முதல் 107 சதவீதம் வரை கூடியிருந்தன. சைக்கிள் ஓட்டுபவர்கள் விஷயத்தில் 72 முதல் 123 சதவீதம்.

விகிதம் பெரிதாக இருந்தாலும் அதன் அடியில் இருக்கும் எண்ணிக்கை சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். விதியின் ஆதரவாளர்கள் காட்டுவது அதைத்தான். 1995-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. 1982 முதல் 1992 வரை, சிவப்பில் திரும்ப அனுமதியுள்ள சந்திப்புகளில் வலது பக்கம் திரும்பிய வண்டிகளால் நேர்ந்த உயிரிழப்பு விபத்துகள் 84 என்றது. அதே காலத்தில் சாலைகளில் இறந்தவர்களோ 4,85,104 பேர். கடலில் கரைத்த பெருங்காயம் என்று அப்போதே பலர் கோப்பை மூடிவிட்டார்கள்.

எனக்கு இந்த எண் எதையும் முடித்துவைப்பதாகத் தோன்றவில்லை. சந்திப்பில் திரும்பும் வண்டி மெதுவாகவே போகிறது. ஆகவே கொல்வது குறைவு. கால் முறிவும் இடுப்பு முறிவும் மரணக் கணக்கில் வராது. பயந்து பின்வாங்கியவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். இரண்டு முறை கோட்டில் கால் வைத்து, இரண்டு முறையும் வண்டி உரசிப்போன ஒரு முதியவர் மூன்றாம் முறை அந்தச் சந்திப்புக்கே வருவதில்லை. மருந்துக் கடைக்கு மகனை அனுப்புகிறார். அவர் வராத சந்திப்பில் விபத்தும் இல்லை. புள்ளிவிவரம் அதைப் பாதுகாப்பான சந்திப்பு என்று பதிவு செய்கிறது.

பார்வையற்றவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. விளக்கின் நிறம் தெரியாத அவர்கள் ஒலியைப் படிக்கிறார்கள். தன் பக்கவாட்டில் இணையாக நின்ற வண்டிகள் ஒருசேர உறுமிக் கிளம்பினால், தனக்கும் வழி கிடைத்துவிட்டது என்று பொருள். தனக்கு முன்னே குறுக்காக ஓடிய வண்டிகள் அடங்கியதும் இன்னொரு சான்று. சிவப்பிலும் வண்டிகள் ஒன்றிரண்டாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இந்த ஒலி ஒழுங்கு குலைந்துபோகிறது. எந்த உறுமல் பச்சைக்கானது, எது சிவப்பில் நழுவுகிற வண்டி என்று காதால் பிரிப்பது கடினம். ஒலி எழுப்பும் சிக்னல் இல்லாத ஊரில் இது வெறும் அசௌகரியம் அல்ல, வீட்டுக்குள் அடைக்கிற காரணம்.

1980-க்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. வண்டி மாறியது. தாழ்ந்த முகப்புள்ள பழைய கார்களின் இடத்தை எஸ்.யூ.வி.களும் பிக்கப் வண்டிகளும் பிடித்தன. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டது. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடப்பவர் மீது மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிடச் சாவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். முன்கண்ணாடியின் ஓரத் தூண்களும் தடித்துவிட்டன. அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு முழு ஆள் மறைந்துகொள்ளலாம். 2009-இல் ஏறக்குறைய 4,100 ஆக இருந்த அமெரிக்கப் பாதசாரி மரணம் 2022-இல் 7,500-ஐத் தாண்டியது. இதில் சிவப்பில் திரும்பியவர்களின் பங்கு சொற்பம்தான். இருட்டில், அகலச் சாலைகளில், சந்திப்பே இல்லாத இடங்களில் செத்தவர்களே அதிகம். ஆனால் எண்ணிக்கை ஏறியதால் நகரங்கள் பழைய விதிகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கத் தொடங்கின.

இன்னொரு மாற்றம் சிக்னலுக்குள்ளேயே வந்தது. பல நகரங்கள் இப்போது வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு மூன்று நான்கு நொடி முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை தருகின்றன. அந்தச் சில நொடியில் அவர்கள் கோட்டின் நடுவுக்கு வந்துவிடுவார்கள், திரும்பும் வண்டிக்குக் கண்ணில் படுவார்கள் என்பது யோசனை. நல்ல யோசனை. வண்டிக்கு இன்னும் சிவப்புதான், ஆனால் சிவப்பில் திரும்பலாமே! நடப்பவருக்கு ஒரு கையால் கொடுத்த முன்னுரிமையை இன்னொரு கை பறித்துக்கொள்கிறது. இந்த முரண்பாடுதான் பல பொறியாளர்களைத் தடைப் பக்கம் தள்ளியது என்று நினைக்கிறேன். சான்ஃபிரான்சிஸ்கோ 2021-இல் டெண்டர்லாயின் பகுதியின் சந்திப்புகளில் சிவப்புத் திருப்பத்தைத் தடுத்தது. சியாட்டில் புதிதாகப் போடும் சிக்னல்களில் தடையையே வழக்கமாக்கியது. மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகர மையத்தில் மூடியது. தலைநகர் வாஷிங்டனின் மாமன்றம் 2025 முதல் என்று தேதி குறித்து 2022-இலேயே தடைச் சட்டம் இயற்றியது.

தடையை எதிர்ப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை இந்த விவாதத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிவப்பில் திரும்பாதவர் பச்சையில் திரும்பத்தானே வேண்டும்? பச்சையில் திரும்பும்போது வேறொரு வரிக்குதிரைக் கோடு குறுக்கே வருகிறது. அவர் நுழையப்போகும் சாலையின் கோடு. அங்கேயும் அந்த நேரத்தில் நடப்பவருக்குப் பச்சை. ஆக, தடை மோதலை ஒழிக்கவில்லை, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுகிறது. இது உண்மை. ஆனால் இரண்டு மோதலும் ஒரே தரத்தவை அல்ல. பச்சையில் திரும்புபவருக்குப் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வரும் வண்டி பற்றிய கவலை குறைவு, அவர் தான் போகிற திசையைப் பார்க்கிறார். கோடு அவர் கண்முன் இருக்கிறது. சிவப்பில் திரும்புபவர் தான் போகாத திசையைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

உலகம் இந்தக் கேள்விக்கு இரண்டு வகையாக விடை சொல்லியிருக்கிறது. வேறுபாடு அனுமதிப்பதிலோ தடுப்பதிலோ இல்லை. பலகை எந்தப் பக்கம் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் எங்கும் திரும்பலாம், கூடாத இடத்தில் பலகை. சீனாவிலும் பொது விதி வலது திருப்பத்துக்குச் சாதகமே, அங்கே நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை; லாரிகளின் உள்சக்கரம் சைக்கிள்காரர்களை நசுக்கிய அனுபவத்துக்குப் பின் சில நகரங்கள் கனரக வண்டிகளை மட்டும் நின்று திரும்பச் சொல்கின்றன. இதற்கு எதிர்வரிசையில் ஜெர்மனி, ஜப்பான், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகியவை. அங்கே எங்கும் கூடாது, கூடுமான இடத்தில் பலகை. பிரேசில் 2021-இல் இந்த இரண்டாம் வரிசையில் சேர்ந்துகொண்டது. பிரிட்டன் பலகைக்குக்கூட இடம் தரவில்லை. பச்சை அம்பு எரிந்தால் திரும்பு, இல்லையேல் நில்.

ஜெர்மனியின் கதை கொஞ்சம் நின்று சொல்லத்தக்கது. கிழக்கு ஜெர்மனி 1978-இல் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் கறுப்புப் பின்னணியில் பச்சை அம்பு வரைந்த ஒரு தகரப் பலகையை மாட்டத் தொடங்கியது. அது விளக்கு அல்ல, எரிவதும் அணைவதும் இல்லை. நின்று பார்த்து வலது பக்கம் போகலாம் என்று பொருள். மேற்கு ஜெர்மனியில் அப்படி ஒன்று கிடையாது. 1990-இல் இரு நாடும் இணைந்தபோது கிழக்கின் விதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, இந்தப் பலகைக்கும் நாள் குறித்தாயிற்று. கிழக்கத்தியர்கள் விடவில்லை. கெடு நீண்டுகொண்டே போய், கடைசியில் 1994-இல் பலகை ஒன்றுபட்ட ஜெர்மனியின் சாலை விதிகளுக்குள்ளேயே ஏறிவிட்டது. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போன மிகச் சில பொருட்களில் இதுவும் ஒன்று.

ஆனால் ஜெர்மானியர்கள் அதை எங்கே மாட்டலாம் என்பதில் கறாராக இருக்கிறார்கள். டிராம் குறுக்கிடும் இடம், சைக்கிள்கள் இரு திசையிலும் வரும் பாதை, பார்வையற்றோருக்கான ஒலிச் சிக்னல் உள்ள சந்திப்பு என்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் 70 யூரோ அபராதம், உரிமத்தில் ஒரு புள்ளியும் ஏறும். இவ்வளவுக்குப் பின்னும் நிற்காமல் போகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். 2020-இல் சைக்கிள்களுக்கு மட்டுமான பச்சை அம்பும் வந்தது.

சைக்கிளுக்குத் தனி விதி என்பது வேறு தர்க்கம். கார் ஓட்டுபவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தூண் மறைக்க, எஞ்சின் இரைச்சலோடு சந்திப்பைப் பார்க்கிறார். சைக்கிள்காரருக்கு எதுவும் மறைவில்லை. மோதினால் அடிபடுவதும் பெரும்பாலும் அவரே, ஆகையால் அவசரப்பட அவருக்குக் காரணம் குறைவு. ஐடஹோ மாநிலம் 1982-லேயே சைக்கிள்களுக்குச் சலுகை தந்தது. நெதர்லாந்தில் சைக்கிளுக்கு வலது பக்கம் தடையில்லை என்னும் பலகைகள் சந்திப்புகளில் சாதாரணம். பிரான்ஸில் சிக்னல் கம்பத்தில் சின்ன முக்கோணம் ஒன்று தொங்கும். சுவிட்சர்லாந்து 2021 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. காருக்கு மறுத்ததைச் சைக்கிளுக்குத் தருவது பாரபட்சம் என்று கார்க்காரர்கள் எல்லா ஊரிலும் முனகுகிறார்கள். எடையில் நூறு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு பொருளுக்கு ஒரே விதி வேண்டும் என்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

தென்கொரியா இன்னொரு பாதையில் போகிறது. அங்கே சிவப்பில் வலது திருப்பம் நெடுங்காலமாக அனுமதி. நிற்காமல் உருண்டு திரும்புவது நாட்டு வழக்கம். 2022 ஜூலையில், கோட்டில் கால் வைத்தவருக்கு மட்டுமல்ல, கடக்க முற்படுபவருக்கும் வண்டி நிற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2023 ஜனவரி 22 முதல், முன்னால் சிவப்பு என்றால் முழுதாக நின்ற பிறகே வலது பக்கம் திரும்ப வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதம் பழக அவகாசம் தந்து, ஏப்ரலில் அபராதம் போடத் தொடங்கினார்கள். ஆபத்தான இடங்களில் வலது திருப்பத்துக்கென்றே தனி விளக்கும் வைத்தார்கள். அனுமதியை ரத்து செய்யாமல், அதிலிருந்து தொலைந்துபோன 'நில்'லை மீட்கும் முயற்சி இது. எப்போது நிற்க வேண்டும், எவ்வளவு நேரம், எந்த விளக்கைப் பார்த்து என்று ஓட்டுநர்கள் குழம்பினார்கள். பத்திரிகைகள் படம் போட்டு விளக்கின. விதியை மாற்றுவது ஒரு நாள் வேலை, வலது காலின் பழக்கத்தை மாற்றுவது அப்படியல்ல.

இந்தியாவுக்கு வருவோம். சிவப்பு எரிந்தால் நிறுத்தக் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும் என்பதே இங்கே விதி. இடது பக்கம் திரும்புகிறவர்களுக்கென்று நாடு தழுவிய விலக்கு எதுவும் கிடையாது. விலக்கு வேண்டுமானால் அந்தச் சந்திப்பில் பலகையோ பச்சை அம்போ இருக்க வேண்டும். அதாவது தாளில் நாம் ஜெர்மனியின் வரிசையில் நிற்கிறோம். சாலையிலோ அமெரிக்காவையும் தாண்டிச் சீனாவின் வரிசையில் போகிறோம். 'ஃப்ரீ லெஃப்ட்' என்பது பலகை இருந்தால் கிடைக்கிற சலுகை என்று நம்மில் பெரும்பாலோருக்குச் சொல்லித் தரப்படவே இல்லை. இடது கை இருப்பதைப் போல அது இயல்பாக வாய்த்த உரிமை என்றே வண்டி ஓட்டக் கற்கிறோம். சிவப்பை மீறுவது 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்ற தலைப்பின் கீழ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் முறைக்கே சிறையும் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. பலகை இல்லாத சந்திப்பில் இடது பக்கம் நழுவுகிற ஸ்கூட்டர்காரருக்கு இந்தப் பிரிவு தன் மீதும் பாயலாம் என்ற எண்ணமே வராது.

நம் சந்திப்புகளில் இந்தப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இடது திருப்பத்துக்கெனத் தனித்தடம் பெரும்பாலும் இருப்பதில்லை. சிவப்பு விழுந்ததும் நேராகப் போகிற பைக்குகள் சாலையின் இடது ஓரம் வரை நிரம்பிவிடும். பின்னால் இடது பக்கம் போக வேண்டிய கார் வந்து நிற்கும். ஹாரன் அடிக்கும். முன்னால் நிற்பவர் சட்டப்படி சரியாகத்தான் நிற்கிறார். ஆனால் ஹாரனுக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது. அவர் காலால் உந்தி வண்டியை முன்னே நகர்த்துவார், ஸ்டாப் லைனைத் தாண்டுவார், இன்னும் கொஞ்சம் தாண்டி வரிக்குதிரைக் கோட்டின் மேல் நிற்பார். பக்கத்தில் இருப்பவரும் நகர்வார். கடைசியில் கோடே வண்டிகளுக்கு அடியில் போய்விடும். நடந்து கடக்க வந்தவர், பைக்குகளின் முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே, சந்திப்பின் நடுப்பகுதியை ஒட்டி நடக்க வேண்டும். அங்கே குறுக்குப் போக்குவரத்து பாய்கிறது. இடது பக்கம் திரும்பிய கார் ஒருவர் மீதும் மோதவில்லை. ஆனாலும் அந்த ஒரு காரை அனுப்பிவைக்க நடப்பவர்களின் பாதை முழுவதும் கொடுக்கப்பட்டுவிட்டது.

ஹைதராபாத் காவல்துறை 2022 அக்டோபரில் தொடங்கிய ஒரு நடவடிக்கை, நம் முன்னுரிமைகளை ரூபாயில் எழுதிக் காட்டியது. ஸ்டாப் லைனைத் தாண்டி நின்றால் 100 ரூபாய். நடப்பவர்களுக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால் 600. ஃப்ரீ லெஃப்ட்டை மறித்து நின்றால் 1,000. அந்த நகரத்தின் நெரிசலைக் குறைக்க அதிகாரிகள் நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான், அதில் சந்தேகமில்லை. நடைபாதையை ஆக்கிரமித்த கடைக்காரர்களையும் அவர்கள் விடவில்லை. என்றாலும் இடது பக்கம் போகிறவரின் வழியை மறிப்பது, நடப்பவரின் கோட்டை நெருங்குவதைவிடப் பத்து மடங்கு குற்றமாக இருந்தது.

தில்லியிலும் மும்பையிலும் காவல்துறை நேர்மாறாக, பலகை இல்லாத இடத்தில் இடது திருப்பமும் சிவப்புக்குக் கட்டுப்பட்டதே என்று அவ்வப்போது நினைவூட்டி வருகிறது. சென்னையில் சில சந்திப்புகளில் ஃப்ரீ லெஃப்ட் பலகையே இருக்கிறது, சிலவற்றில் பேரிகேட் போட்டு இடது தடத்தைப் பிரித்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் பல சந்திப்புகளில் வலது திருப்பத்தையே மூடி, நேரே போய் யூ-டர்ன் அடித்து வாருங்கள் என்று மாற்றியிருக்கிறார்கள். சிக்னலின் சுற்று நேரம் குறைகிறது, வண்டிகள் நிற்பதில்லை. நடப்பவருக்கோ, எந்நேரமும் ஓடுகிற சாலை என்பது கடக்க முடியாத சாலை.

ஃப்ரீ லெஃப்ட்டை எடுத்துவிட்டால் நெரிசல் கூடும் என்று போக்குவரத்துக் காவலர்கள் சொல்வதைப் புறந்தள்ள முடியாது. அவர்கள்தான் வெயிலில் நிற்கிறார்கள். நகரப் பேருந்துகள் திரும்புகிற சந்திப்பில் நாற்பது நொடி கூடுதல் சிவப்பு என்றால் அறுபது பயணிகளின் நேரம். எரிபொருள் வாதமும் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. 2020-இல் தில்லி அரசு, சிவப்பு விழுந்தால் எஞ்சினை அணையுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது. கவனித்துப் பார்த்தால் அது 1975-இன் அமெரிக்க விடைக்கு நேர் எதிரான விடை. அன்று, எஞ்சின் வீணாக ஓடுகிறது, ஆகவே காத்து நிற்காதே என்றார்கள். இன்று, நில், எஞ்சினை நிறுத்து என்கிறார்கள். பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. நின்றால் அது எதையும் எரிப்பதில்லை. இடது திருப்பத்துக்கான பழைய நியாயங்களில் எரிபொருள்தான் முதலில் காலாவதியாகும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். சிக்னல் சந்திப்பில் இடது பக்கம் திரும்பிய வண்டி கொன்றவர்கள் இவர்களில் மிகச் சிலராகவே இருப்பார்கள். மற்றவர்களில் பலர் சிக்னலே இல்லாத சாலைகளில் இறந்தார்கள். ஆகவே ஃப்ரீ லெஃப்ட்டை நிறுத்தினால் சாவு பாதியாகும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். என் வாதம் வேறு. நகரத்தில் நடந்து போகிறவருக்கு அரசு முழுமையான உத்தரவாதம் தருகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: சிக்னல் உள்ள வரிக்குதிரைக் கோடு, பச்சை மனிதன் எரிகிற அந்தப் பதினைந்து இருபது நொடி. பதினான்கு மீட்டர் அகலச் சாலையை, நொடிக்கு 1.2 மீட்டர் என்று பொறியாளர்கள் கணக்கிடும் வேகத்தில் கடக்கவே பன்னிரண்டு நொடி ஆகும். மூட்டு வலியுள்ளவருக்கு இன்னும் ஆறு நொடி. அந்த நேரத்துக்குள்ளும் வண்டிகளுக்கு ஒரு சந்து திறந்துவைத்தால், சிக்னலுக்குக் காத்திருந்து கடப்பவருக்கும் நினைத்த இடத்தில் குறுக்கே ஓடுபவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. பிறகு மக்கள் சிக்னலை மதிப்பதில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை.

ஆகவே தாளில் உள்ள விதியையே சாலைக்குக் கொண்டுவருவது போதும் என்று நினைக்கிறேன்: பலகை இல்லையேல் நில். பலகை வைக்கும் இடங்களும் தேர்ந்தெடுத்தவையாக இருக்க வேண்டும். இடது திருப்பத்துக்குத் தனித்தடம் இருக்கிறதா, அந்தத் தடத்தின் குறுக்கே நடப்பவருக்குத் தனிக் கோடு இருக்கிறதா, பக்கத்தில் பள்ளியோ மருத்துவமனையோ பேருந்து நிறுத்தமோ இல்லையா என்று பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். நடப்பவருக்கான பச்சை எரியும் நொடிகளில் மட்டும் இடது பக்கத்தைச் சிவப்பு அம்பு போட்டு மூடிவிட்டு, மற்ற நேரத்தில் திறந்துவிடுவதும் முடிகிற காரியம்தான். வண்டிகள் இழப்பது ஒரு சுற்றில் சில நொடி. தெருமுனையின் வளைவைக் கூர்மையாக்கினால் திரும்பும் வேகம் தானாகவே குறையும். நம் நகரங்களில் சாலை அகலப்படுத்தும்போதெல்லாம் செய்வது இதற்கு மாறானது. முனையை அறுத்து வளைவை வழுவழுப்பாக்குகிறார்கள், ஃப்ரீ லெஃப்ட் வேகமெடுக்கிறது, நடைபாதையின் மூலை காணாமல் போகிறது. ஒப்பந்தத்தில் அதற்குப் பெயர் சந்திப்பு மேம்பாடு.

அபராதத்தைப் பொறுத்தவரை, கேமரா வைத்து இடது பக்கம் திரும்புகிற அத்தனை பேருக்கும் சலான் அனுப்புவதில் எனக்கு ஆர்வமில்லை. எங்கே அனுமதி, எங்கே இல்லை என்று பலகையில் தெளிவாக எழுதாத நகரம் அப்படிச் செய்தால் அது வசூல். முதலில் செய்யக்கூடியது, ஸ்டாப் லைனில் ஒழுங்காக நிற்கும் பைக்காரரைப் பின்னாலிருந்து ஹாரன் அடித்து விரட்டுபவரை நிறுத்திக் கேட்பது. சந்திப்பில் நிற்கும் காவலர் இன்று பெரும்பாலும் கையசைப்பது, முன்னால் இருப்பவரைத் தள்ளிப்போகச் சொல்லித்தான்.